பொன்னையனின் பெட்டிப் போட்டோ

கேரளத்தின் தெற்கு எல்லையிலுள்ள எங்கள் குன்னத்துகாலுக்கு ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை ஒரு வெள்ளைப் பஸ் வரும். திருவனந்தபுரத்திலுள்ள ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் பஸ் அது. நீளத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். முன்சக்கரம் மலையடிச் சபையின் பள்ளிக்கூட வாசலில் ஏறும்போது, பின்சக்கரம் அமரவிளையில் பழைய செக்போஸ்டுக்குப் பக்கத்தில் நின்று சாயா குடித்துக்கொண்டிருக்கும். அரசு பஸ்ஸில் தோல் பையைத் தொங்கவிட்டு ஒரு ஆயுள் முழுக்க டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவன் நான். பஸ் விஷயத்தில் என் கண் தப்பாது.

உள்ளே சாய்ந்து படுக்கிற நாற்காலிகள் இரண்டு. வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் ஒரு படை. படிப்பு முடியப்போகிற பிள்ளைகளை, ஒரு பெரிய டாக்டரையும் கூடச் சேர்த்து, நகரத்துக்கு வெளியே இப்படி எல்லைப் பக்கத்து ஊர்களுக்கு அனுப்புவது அந்தக் கல்லூரியின் வழக்கம். ரப்பர் வெட்டுகிறவர்கள், மரச்சீனி நடுகிறவர்கள், தொழிலுறப்பு என்கிற நூறுநாள் வேலைக்குப் போகிற பெண்கள் என்று, பல்லைப் பற்றி நினைக்க நேரமில்லாத சனமெல்லாம் அன்றைக்கு வந்து வரிசையில் உட்காரும். அவர்களை வரவைப்பது என் பொறுப்பு. ஜோஷியின் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வெள்ளறடை ரோடு வரைக்கும் போவேன். "பல் பிடுங்கினது வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்க்கும்போதுதான் தெரியும், அவ்வளவு சுகம்" என்று அறிவிப்பேன். அதை நம்பி வந்து கடவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்ட விலாசினி பிறகு வெகுநாள் என்னோடு பேசவில்லை. பேச வாய் வரவில்லை என்றும் சொல்லலாம்.

பொன்னையன் முதல்முறை வந்தபோது வரிசையில் நிற்கவில்லை. நேரே என்னிடம் வந்தான்.

"மச்சான், இதில பல்லு பிடுங்க மட்டுந்தானா, வச்சும் தருவினுமா?"

"ரெண்டும் உண்டு ஓய். உமக்குப் பிடுங்கதுக்கு அங்க என்ன இருக்கு?"

"அதாக்கும் கேட்டேன்" என்று சொல்லிச் சிரித்தான். சிரிக்கும்போது தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டான்.

அந்தத் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொன்னையன் ரப்பர் வெட்டுகிறவன். நல்ல பிராயத்தில் அயனி மரத்தில் சக்கை பறிக்க ஏறி, மரத்தோடு சண்டை போட்டு விழுந்ததில் முன்பற்கள் நாலும் போயின. மரம் இன்னும் நிற்கிறது. மற்ற பற்களை வெற்றிலையும் வயதும் பங்கு போட்டுக்கொண்டன. அதன் பிறகு துண்டில்லாமல் அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் சொல்லுகிற கதைகளைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்புக்கு எத்தனை துண்டு கிழிந்தது என்று கணக்குப் போட்டால், பாலராமபுரத்துத் தறிகள் எல்லாம் அவனுக்காகத்தான் ஓடின என்று ஆகும்.

போட்டோ என்று வந்தால் துண்டுக்கு வழியில்லை. மகன் நிபின் கல்யாணம், மகள் சுமி கல்யாணம், பேத்தியின் ஞானஸ்நானம், எல்லாவற்றிலும் பொன்னையன் உதட்டைத் தைத்து வைத்தவன் போல நிற்பான். பக்கத்தில் ஆனந்தபாய், அவன் மனைவி, வரிசைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பாள். பார்க்கிறவர்கள் இருவருக்கும் சண்டை என்று நினைப்பார்கள்.

பஸ்ஸில் அவனைப் பார்த்தவள் ஜெஸ்மி என்று ஒரு டாக்டர்ப் பெண். கோட்டயம் பக்கத்துக்காரி. எங்கள் ஊர்த் தமிழைக் கேட்டுக் கேட்டு, மலையாளத்தில் பாதியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் எங்கள் பேச்சைப் பொருத்தி வைத்திருந்தாள்.

"அப்பச்சா, பல்லு எதுக்காணு? நல்லாச் சாப்பிடவா?"

"சாப்பிடதுக்கு ஈறு போதும் மக்கா. மொறுக்கு தந்து பாரு, மாவாக்கித் தாறேன். பல்லு போட்டோவுக்காக்கும்."

"எந்த போட்டோ?"

"பெட்டிப் போட்டோ."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் ஊரிலும் அது உண்டு. சாவு வீட்டில் பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பம் முழுவதும் பெட்டியைச் சுற்றி நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளும். அது சட்டம் போட்டு முன்னறைச் சுவரில் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் தொங்கும். பொன்னையனின் வீட்டில் அவன் அப்பாவின் பெட்டிப் போட்டோ தொங்குகிறது. அதில் கிழவரின் வாய் உள்ளே போய்க் கிணறுபோல இருக்கும்.

"எனக்க கல்யாணத்தண்ணைக்குக் கேமராக்காரன் ஃபிலிம் போடாம வந்துட்டான். நல்ல பல்லு இருந்த காலத்துப் போட்டோ ஒண்ணுகூட இல்ல" என்றான் பொன்னையன். "பேரப்பிள்ளைக பெட்டிப் போட்டோவப் பார்த்து, இதாக்கும் நம்ம அப்பூப்பன்னு சொல்லும்போ, வாயில பல்லு இருக்கணும். வேற ஆசையொண்ணும் இல்ல."

"மச்சான், இப்பவே பெட்டிக்கு என்ன அவசரம்?" என்றேன்.

"பல்லு செய்ய மாசக்கணக்கா ஆகுமாமே. அதான் முன்கூட்டி வந்தேன்."

பஸ்ஸுக்குள் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், துண்டோடு.

முதல் மாதம் ஈறுக்கு அச்சு எடுத்தார்கள். ரோஸ் நிறத்தில் ஒரு குழம்பு. அதை வாயில் வைத்து அழுத்தியபோது பொன்னையன் கண்ணீர் விட்டதில் நெய்யாற்றில் தண்ணீர் கூடியது. அந்த அச்சில் சுண்ணாம்பு ஊற்றி, அவன் வாயை அப்படியே கட்டியாக்கிக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த முறை மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் அளவு பார்த்தார்கள். மூன்றாம் முறை ஜெஸ்மி ஒரு டப்பாவைத் திறந்தாள். அதற்குள் பல். மேல்வரிசை, கீழ்வரிசை, எல்லாம் சிவந்த மெழுகில் குத்தி நிறுத்தியிருந்தது.

"அப்பச்சா, இது மெழுகாணு. வாயில வச்சுப் பார்க்க மாத்திரம். நல்லாயிருக்குன்னா, அடுத்த மாசம் ஒறிஜினல் கொண்டுவந்து தரும். சரியா?"

"சரி மக்கா."

வைத்தாள். கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். பொன்னையன் பார்த்தான். நான் பஸ் படியில் நின்றிருந்தேன். அவன் துண்டைத் தேடவில்லை. இப்படித் திரும்பிப் பார்த்தான், அப்படித் திரும்பிப் பார்த்தான், என்னைப் பார்த்து உதட்டை விரித்தான். உள்ளே போயிருந்த கன்னம் வெளியே வந்திருந்தது. வில்லேஜ் ஆபீசில் யாரையும் உட்காரச் சொல்லாத ஒரு பெரிய உத்தியோகஸ்தரைப் போல இருந்தான்.

"ஒண்ணு கை கழுவிட்டு வாறேன்" என்று இறங்கினான்.

கை கழுவுகிற இடம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். அதற்கும் பின்னால் சரிவு. சரிவின் அடியில் அவன் வீடு. ஜெஸ்மி அடுத்த ஆளின் வாயைப் பார்த்து முடித்துவிட்டுத் திரும்பினால், பொன்னையனும் இல்லை, பல்லும் இல்லை.

"அங்கிளே! அப்பச்சன் பல்லும் கொண்டு போயி!" என்று ஓடிவந்தாள். மைக்கில் சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாமென்று அவளையும் கூட்டிக்கொண்டு சரிவில் இறங்கினேன்.

நாங்கள் போய்ச் சேரும் முன் அங்கே நடந்ததை ஆனந்தபாய்தான் பிறகு சொன்னாள். அவள் அடுக்களையில் பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக்கொண்டிருந்தாளாம். வாசலில் யாரோ ஆள் வந்து நிற்பது தெரிந்து, தலையை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்து, "ஆருக்க வீடு வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாளாம். கட்டிய பெண்டாட்டி! வந்தவன் பல்லைக் காட்டி, "பொன்னையனுக்க வீடு இதுதானா?" என்றானாம். குரலைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு ஆள் தெரிந்ததாம். சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம். பிறகு, "இருங்க, விருந்தாளிக்குச் சாயா எடுக்கேன்" என்று கொதிக்கக் கொதிக்க ஒரு கிளாஸ் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

நாங்கள் வாசலில் நுழையும்போது பொன்னையன் கிளாசுக்குள் விரலை விட்டுக்கொண்டிருந்தான். கட்டஞ்சாயாவின் அடியில் பற்கள் கிடந்தன. உதட்டோரம் சிவப்பு மெழுகு வழிந்திருந்தது. ஒவ்வொரு பல்லாக எடுத்து, பலாச்சக்கைக் கொட்டையை வைப்பது போலத் தட்டில் வைத்தான்.

ஜெஸ்மி நடையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்பச்சா, சூடு பட்டா மெழுகு உருகும்னு நான் சொல்லணுமா? இனி எல்லாம் முதல்லே இருந்து அடுக்கணும். ஒரு மாசம் வீணாப் போச்சில்லே?"

"ஒரு மாசந்தானே மக்கா. நான் எங்க போவப் போறேன்?" என்றான் பொன்னையன், பழையபடி வாய் உள்ளே போன முகத்தோடு.

ஆனந்தபாய் கிளாசைக் கையில் வாங்கி உள்ளே பார்த்துக்கொண்டே நின்றாள். "நான் அறிஞ்சில்ல மக்கா. சொன்னா நான் ஆத்தித் தந்திருப்பேனே" என்றாள்.

இந்தக் கதையை நான் வெள்ளறடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். போய்ச் சேரும்போது பொன்னையன் பல்லைக் குடித்தே விட்டான் என்று ஆகியிருந்தது. அவனும் மறுக்கவில்லை. கேட்கிறவர்களிடம், "வயித்தில கிடந்து கடிக்கியாக்கும்" என்பான்.

அடுத்த மாதம் ஜெஸ்மி மறுபடி மெழுகில் அடுக்கிக் கொண்டுவந்தாள். இந்த முறை கண்ணாடி பார்த்து முடிக்கிற வரைக்கும் அவன் கைமணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். எல்லாம் சரி. வருகிற இரண்டாம் சனிக்கிழமை அசல் பல் வந்துவிடும் என்றாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வியாழன் விடியற்காலையில், ரப்பர் வெட்டப்போன பொன்னையன் பால் எடுக்கிற நேரமாகியும் திரும்பவில்லை. தேடிப்போன ஆட்கள் ரப்பர் விளையில் அவனைக் கண்டார்கள். ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அந்த மரத்தில் பாதி வெட்டுத்தான் முடிந்திருந்தது. தலையில் கட்டியிருந்த விளக்கு, வெயில் வந்த பிறகும் எரிந்துகொண்டிருந்தது. நெஞ்சு நின்றுபோயிருக்கிறது என்றார் டாக்டர்.

நான் போனபோது அவனைக் குளிரூட்டும் பெட்டியில் வைத்திருந்தார்கள். நிபின் ஷார்ஜாவிலிருந்து வரவேண்டும். சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு அடக்கம் என்று முடிவாகியிருந்தது. கண்ணாடிக்குள் அவன் முகத்தைப் பார்த்தேன். தலையைச் சுற்றித் தாடையில் துணி கட்டியிருந்தது. வாய் உள்ளே போயிருந்தது. சுவரில் அவன் அப்பா தொங்கிக்கொண்டிருந்தார். ஒரே வாய்.

ஆனந்தபாய் அழவில்லை. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் படிகிற பனியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்த்ததும், "அண்ணா, அந்தச் சாயா" என்றாள். அவ்வளவுதான். எனக்கு விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்தச் சாயா இல்லையென்றால் போன மாதமே பல் வந்திருக்கும்.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்து வளாகம் சாவுக்கு வருகிறவர்களுக்கு வேண்டும் என்பதால் இந்த மாதம் பஸ் வரவேண்டாம் என்று சபைக் கமிட்டி சொன்னது. அதைத் தெரிவிக்க அந்த வீட்டில் நின்றே ஜெஸ்மிக்குப் போன் செய்தேன். பொன்னையன் போய்விட்டான் என்றேன்.

"பல்லு ரெடியாணு அங்கிளே" என்றாள். "நேத்துதான் பாலிஷ் செய்தது. என் மேசையில தண்ணியில இருக்கு."

ஆனந்தபாய் என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"மக்கா, நான் ஆனந்தபாயாக்கும். அவருக்க பல்ல நீ கொண்டு வா. பெட்டி மூடதுக்கு முன்ன வரணும்."

"அம்மச்சி, அது..."

"நீ செஞ்சதுதானே? நீதான் வச்சும் தரணும். வேற ஆருக்கும் தெரியாது."

ஜெஸ்மி என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனந்தபாய், "சரி மக்கா, காத்திருக்கேன்" என்று சொல்லிப் போனைத் திருப்பித் தந்தாள்.

சனிக்கிழமை மதியம் ஜெஸ்மி லைன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வெள்ளைக் கோட்டு இல்லை. கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். நான் ரோட்டில் நின்று கூட்டிக்கொண்டு வந்தேன். சரிவு முழுக்கச் சனம். பாதிக் கேரளமும் பாதித் தமிழ்நாடும் வந்திருந்தன. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. களியக்காவிளைக்கு அந்தப்புறத்திலிருந்தும் அவனுக்குச் சொந்தம் உண்டு.

"வீட்டில எல்லாருக்கும் சம்மதந்தானா அங்கிளே?" என்று கேட்டாள்.

எல்லாருக்கும் சம்மதமில்லை. காலையில் வந்து சேர்ந்த நிபின் விஷயம் கேட்டதிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் வாசலை மறித்து நின்றான். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்.

"அம்மா, இது என்ன கூத்து? செத்தவருக்குப் பல்லு வைக்கியதா? ஆளுக சிரிக்கும். அப்பாவ இனியாவது சும்மா விடுங்க."

"ஆளுக சிரிக்கட்டு" என்றாள் ஆனந்தபாய். "உங்கப்பன் சிரிச்சதில்லியே. நீ எப்பமாவது பார்த்தியா, அவரு துண்டில்லாம சிரிச்சு?"

"அதுக்கு?"

"உனக்க கல்யாணப் போட்டோ அங்க தொங்குது. போய் அவருக்க வாயப் பாரு. பாத்துட்டு வந்து வேண்டாம்னு சொல்லு, நான் வேண்டாம்னு இருக்கேன்."

நிபின் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே திரும்பிச் சுவரைப் பார்த்தான். அங்கே அவன் கோட்டும் மாலையுமாக நிற்கிறான். பக்கத்தில் பொன்னையன் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறான். சுமி தம்பியின் தோளில் கை வைத்தாள். நிபின் ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டான். நாங்கள் உள்ளே போனதும் வெளியிலிருந்து கதவை அவனே சாத்தினான். அதற்குப் பிறகு உள்ளே வர நினைத்தவர்களையெல்லாம், "கொறச்சு நேரம் ஆகும்" என்று அவன் தடுத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

பொன்னையனைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து உடுப்பித்துக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். வெள்ளை முழுக்கைச் சட்டை. அறையில் ஜெஸ்மி, ஆனந்தபாய், நான். நான் எதற்கு என்றால், தலையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமென்று ஜெஸ்மி சொன்னாள்.

தாடைக்கட்டை அவிழ்த்தாள். விரலை வைத்துப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. இன்னொரு முறை பார்த்தாள். நெற்றி வியர்த்துவிட்டது.

"மரத்துப் போச்சு" என்றாள். "பலமாப் பிடிச்சா திறக்கும். ஆனா நான் பலம் பிடிக்க மாட்டேன் அம்மச்சி. அப்பச்சனுக்கு எங்கயாவது முறிஞ்சு போனா..."

வெளியே பெண்கள் பாட்டை ஆரம்பித்திருந்தார்கள். போதகர் வந்துவிட்டார் என்று யாரோ சொல்வது கேட்டது. ஜெஸ்மி பல்லிருந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சின்னப் பெண். அவள் பார்த்த வாயெல்லாம் உயிருள்ளவர்களின் வாய்.

"சூடு தட்டினா கொஞ்சம் இளகும்" என்றாள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. "சூடுவெள்ளத்தில துணி முக்கி, பைய ஒத்தி ஒத்தி, தடவிக்கிட்டே இருந்தா..."

ஆனந்தபாய் எழுந்தாள். பின்கதவு வழியாக அடுக்களைக்குப் போனாள். வந்தபோது கையில் சாயா போடுகிற அதே கெட்டில். மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மற்றக் கையில் பொன்னையனின் துண்டு.

துண்டை முக்கிப் பிழிந்தாள். சூடு பொறுக்கிறதா என்று தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவன் தாடையில், காதுக்குக் கீழே, ஒத்தினாள். ஆறினதும் மறுபடி முக்கினாள். ஜெஸ்மி இரண்டு பக்கமும் கட்டைவிரலால் வட்டம் வட்டமாகத் தடவினாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் தலை என் கைகளுக்குள் கல்போலக் குளிர்ந்திருந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியது. நிபின் கதவைத் தட்டி, "அம்மா, போதகர் ஐயரு கேக்காரு" என்றான். "இருக்கச் சொல்லு" என்றாள் ஆனந்தபாய், திரும்பிப் பார்க்காமல்.

கெட்டிலில் தண்ணீர் தீர்ந்து மறுபடி கொதிக்க வைத்துக் கொண்டுவந்தாள். அவள் விரல்களெல்லாம் சிவந்துவிட்டன. நான் வாங்கப் போனபோது தரவில்லை.

"அப்பச்சா" என்றாள் ஜெஸ்மி, பஸ்ஸில் எல்லாரிடமும் சொல்கிற அதே குரலில், "கொறச்சு வாய் திறக்கணும்."

திறந்தது. அது மெல்ல, அவன் ஏதோ சொல்ல யோசிப்பது போல இளகியது. ஜெஸ்மி ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு மேல்வரிசையை வைத்தாள். பிறகு கீழ்வரிசையைச் சரித்து உள்ளே கொண்டுபோய் அமர்த்தினாள். இடம் தெரிந்து போய் உட்கார்ந்ததுபோல் இருந்தது. தாடையைப் பைய மூடினாள்.

"இனி ஒண்ணு கடிச்சு..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். பல் வைத்த ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி நாக்கில் பழகிய சொல். முகத்தை மறைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

ஆனந்தபாய் கணவனைப் பார்த்தாள். கன்னம் வெளியே வந்திருந்தது. உதடு இரண்டும் தன்னிடத்தில் வந்து சேர்ந்திருந்தன. நடுவில் ஒரு கீற்றளவு வெள்ளை தெரிந்தது. குனிந்து அவன் உதட்டோரத்தில் இருந்த ஈரத்தைத் துடைத்தாள். சாயா குடித்த அன்றைக்கு மெழுகு வழிந்த அதே இடம்.

"போதும் மக்கா" என்றாள்.

பெட்டியை முற்றத்தில் பந்தலுக்குக் கீழே வைத்தார்கள். ஜெபம் முடிந்தது. போட்டோக்காரன் நாற்காலிமேல் ஏறி நின்றான். தலைமாட்டில் ஆனந்தபாய், இடப்பக்கம் நிபின், வலப்பக்கம் சுமி, அவள் இடுப்பில் பேத்தி. ஜெஸ்மி ஓரமாக நின்றவளை ஆனந்தபாய் கைநீட்டிக் கூப்பிட்டுத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். என்னையும் கூப்பிட்டாள். சனம் முழுவதும் பெட்டிக்குள் பார்த்துக் குசுகுசுத்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"எல்லாரும் பெட்டியப் பாருங்க" என்றான் போட்டோக்காரன்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிருபாபாய் வந்தாள். பொன்னையனுக்கு அத்தை முறை. வெள்ளறடைக்கும் அப்பால், மலைப்பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். ஒப்பாரியைத் தொண்டைவரை கொண்டுவந்துவிட்டாள். பெட்டிக்குமேல் குனிந்தாள். அப்படியே நிறுத்தினாள். நிமிர்ந்து பந்தலைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், மறுபடி பெட்டிக்குள் பார்த்தாள்.

"இது ஆராக்கும்?" என்றாள். "பொன்னையனுக்க வீடு இது இல்லியா?"

வீடு மாறிப் போய்விட்டது என்று திரும்பி நடக்கவே தொடங்கிவிட்டாள். சுமி எட்டிக் கையைப் பிடித்தாள்.

எனக்குப் பக்கத்தில் ஆனந்தபாயின் தோள் ஒருமுறை குலுங்கியது. அவள் கையில் அந்த ஈரத் துண்டு அப்படியே இருந்தது. அதைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மறுபடியும் குலுங்கியது. கண்ணிலிருந்து நீர் தாரையாக இறங்கியது. பின்னால் நின்ற ஜெஸ்மி அவளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் துண்டுக்கு மேலே தெரிந்த அந்தக் கண்களைப் பார்த்தேன். அந்த நேரத்தில் போட்டோக்காரன் எடுத்துவிட்டான்.

பிறகு பெட்டியை மூடினார்கள். துண்டு மட்டும் ஆனந்தபாயின் கையில் இருந்தது.

போட்டோ இப்போது முன்னறைச் சுவரில், பொன்னையனுடைய அப்பாவின் போட்டோவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பெட்டிக்குள் பொன்னையன், வில்லேஜ் ஆபீசுக்கே அதிகாரி போல. சுமியின் மகளிடம் அப்பூப்பன் எங்கே என்று கேட்டால் விரலைச் சரியாக அங்கேதான் வைக்கிறாள். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் போட்டோவின் முன்னால் நின்று தலையை ஆட்டுவார்கள். "பாவம், ஆனந்தபாய் அழுத அழுகையைப் பாரு" என்பார்கள். அது அழுகையில்லை என்று நான் இரண்டொருவரிடம் சொல்லிப் பார்த்தேன். என் வாயிலிருந்து வந்ததால் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

போன இரண்டாம் சனிக்கிழமை பஸ் வந்தபோது ஜெஸ்மியும் இறங்கிவந்து அந்தப் போட்டோவின் முன்னால் நின்றாள். கூட வந்த பிள்ளைகளில் ஒருத்தி, "அம்மச்சி வளரெ கரஞ்சல்லோ" என்று அவள் காதில் சொன்னாள். மிகவும் அழுதுவிட்டார்களே என்கிறாள். ஜெஸ்மி ஆனந்தபாயைப் பார்த்தாள்.

"ஓ, ஆமா மக்களே" என்று சொல்லிவிட்டு ஆனந்தபாய் சாயா போட உள்ளே போனாள்.